உங்களுக்குத் தெரியுமா? வானம் தோண்டும் முன்…

புது வீட்டுக்கு வானம் தோண்டும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடு நாலு வந்தால் நம்மூர் மேஸ்திரி என்ன செய்வார்? மண்ணோடு மண்ணாக ஓரத்தில் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார். இங்கிலாந்தில் அந்த மனையில் மண்வெட்டி படுவதற்கு முன்பே, உள்ளே என்ன இருக்கக்கூடும் என்று ஒரு தொல்லியலாளர் எழுதிக் கொடுத்திருப்பார். செலவு மனைக்காரருடையது. இந்த ஏற்பாடு அங்கே எப்படி வந்தது, வந்த பிறகு என்னென்ன கிடைத்தது, இல்லாத இடங்களில் என்ன ஆனது? பெரும்பாலும் லண்டன் சேதிகள். நடுவில் வேறு ஊர்களுக்கும் ஒரு நடை போய் வரலாம்.

● லண்டனின் பழைய மையப்பகுதியில் சில இடங்களில் ரோமானியர் நடந்த தரை, இன்றைய தெருவுக்கு 7 மீட்டர் கீழே இருக்கிறது. இடிந்த வீட்டின் மண்ணை யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. நிரவி, அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் இப்படியே போனதில் ஊர் இரண்டு மாடி உயர்ந்துவிட்டது.

● அந்த மண்ணடுக்குகளில் ஒன்று செக்கச்செவேலென்று இருக்கும். கி.பி. 60 அல்லது 61இல் பூடிக்கா என்ற அரசி ரோமானியர்மேல் படையெடுத்து ஊரைக் கொளுத்தினாள். அப்போது வெந்துபோன மண்சுவர்கள்தான் அந்தச் சிவப்பு. குழிக்குள் இறங்கிய தொல்லியலாளருக்கு அந்த வரி தெரிந்தால் போதும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தீக்கு முன், மேலே இருப்பதெல்லாம் தீக்குப் பின்.

● 1912இல் லண்டன் சீப்சைடு தெருவில் பழைய கட்டிடம் ஒன்றை இடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள், நிலவறைத் தரைக்கு அடியில் நகைக் குவியல் ஒன்றைக் கண்டார்கள். போலீசுக்கும் போகவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. மண்கட்டியோடு அப்படியே பைகளில் அள்ளிப்போய் 'ஸ்டோனி ஜாக்' என்று பட்டப்பெயர் பெற்ற ஜி.எஃப். லாரன்ஸ் என்ற பழம்பொருள் வியாபாரியிடம் கொடுத்தார்கள். கட்டிட வேலையாட்களுக்குச் சில்லறைக் காசு கொடுத்து, கிடைத்ததையெல்லாம் வாங்கிக்கொள்வது அவர் பழக்கம். 17ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் சரக்கான அந்தக் குவியலில் ஏறத்தாழ 500 உருப்படிகள் இருந்தன. கொலம்பியா மரகதத்தைக் குடைந்து உள்ளே பொருத்திய கைக்கடக்கமான கடிகாரம் ஒன்று. இலங்கையிலிருந்து போன நீலக்கற்களும் உண்டு. வேலையாளிடம் நல்ல பெயர் வைத்திருந்த ஒரு வியாபாரியை நம்பித்தான் ஒரு மாநகரின் வரலாறு அன்றைக்கு இருந்தது.

● இதைப் பார்த்து வயிறெரிந்தவர்களில் ஒருவர் மார்டிமர் வீலர். 1926இல் லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தார். நகரில் எங்கே கட்டிடப் பள்ளம் தோண்டினாலும் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று வற்புறுத்தினார்; 1920களின் இறுதியில் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டார். ஊர் முழுக்கத் தோண்டும் பள்ளங்களுக்கு ஒரே ஒரு ஆள்! இதே வீலர்தான் 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்து, அடுத்த ஆண்டே புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி, தமிழகக் கடற்கரைக்கும் ரோமுக்கும் இருந்த வியாபாரத்தை உலகுக்குக் காட்டியவர்.

● இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் குண்டு போட்டு லண்டன் மையத்தின் பல பகுதிகளைத் தரைமட்டமாக்கினார்கள். தொல்லியலாளர்களுக்கு அதுவே வாசலானது. 1954 செப்டம்பரில் வால்புரூக் தெருவில் ஓர் அலுவலகக் கட்டிடத்துக்காக ஒதுக்கிய இடத்தில் டபிள்யூ.எஃப். கிரைம்ஸ் தலைமையில் தோண்டியவர்கள், ரோமானியப் படைவீரர்கள் கும்பிட்ட மித்ராஸ் என்ற கடவுளின் கோயிலைக் கண்டார்கள். கடவுளின் பளிங்குத் தலை வெளியே வந்தது செப்டம்பர் 18ஆம் தேதி. அன்றோடு வேலையை முடித்துக்கொள்வதாக இருந்தது! மறுநாள் பத்திரிகையில் படம் வந்ததும் ஊரே திரண்டது. அடுத்த இரண்டு வாரங்களில் சுமார் 4 லட்சம் பேர் வரிசையில் நின்று அந்தப் பள்ளத்தை எட்டிப்பார்த்தார்கள் என்பது கணக்கு. சர்ச்சிலின் அமைச்சரவை வரை விஷயம் போனது. இத்தனைக்குப் பிறகும் கட்டிடம் நிற்கவில்லை. கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்தெடுத்தார்கள்.

● பெயர்த்த கற்களை 1962இல் கொஞ்சம் தள்ளி ஒரு திறந்த மேடையில் அடுக்கி, நவீன சிமென்ட் பூசி, தரைக்குக் கோணல்மாணலான பாவுகல் போட்டு 'ரோமானியக் கோயில்' என்று பலகை வைத்தார்கள். இருட்டு நிலவறை போன்ற சந்நிதியில் நடந்த வழிபாட்டை வெட்டவெளியில் வெயில் காயவிட்டது மகா அபத்தம். கிரைம்ஸுக்கே அது பிடிக்கவில்லை. அந்தக் கோயிலுக்கு விமோசனம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதை கீழே வருகிறது.

● லண்டன் கில்ட்ஹால் வளாகத்தில் ஓவியக்கூடம் கட்ட 1988இல் தோண்டியபோது வந்தது ரோமானியரின் வட்டரங்கு. நூறாண்டுக்கு மேலாகப் பலரும் தேடிக் கிடைக்காதது. ஓவியக்கூடத்தின் அடித்தளத்தில் இன்று அதைப் பார்க்கலாம். மேலே முற்றத்தில் கறுப்புக் கல் பதித்து அதன் வளைவைக் குறித்திருக்கிறார்கள்.

● எல்லாவற்றையும் மாற்றியது ஒரு கொட்டகை. நாடகக் கொட்டகைதான். பிலிப் ஹென்ஸ்லோ என்பவர் 1587இல் தேம்ஸின் தென்கரையில் கட்டிய 'ரோஸ்' அரங்கில் மார்லோவின் நாடகங்களும், இளம் ஷேக்ஸ்பியரின் ஓரிரு நாடகங்களும் நடந்தன. அது நின்ற இடத்தில் ஓர் அலுவலகக் கட்டிடம் எழுப்ப 1980களின் இறுதியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். தொல்லியலாளர்களுக்குக் கிடைத்தது சில மாத அவகாசம், அதுவும் கெஞ்சிக் கேட்டு. 1989 தொடக்கத்தில் அரங்கின் அடித்தளத்தில் பெரும்பகுதி வெளியே வந்தது. பதினான்கு பக்கம் கொண்ட ஒழுங்கில்லாத பலகோணம், மேடை இருந்த இடம், பார்வையாளர் நின்ற சரிவுத் தரை, அதில் மிதிபட்டுக் கிடந்த ஹேசல் கொட்டை ஓடுகள். ஷேக்ஸ்பியர் கால அரங்கு எப்படி இருந்தது என்பதற்கு அதுவரை ஓவியமும் ஆவணமும் ஊகமும்தான் சான்று. மண் இப்போது அளவு சொன்னது.

அவகாசம் முடியும் நாளில் லாரிகள் வந்தன. இயன் மெக்கெல்லன், ஜூடி டென்ச் உள்ளிட்ட நடிகர்கள் மனைக்கு வந்து நின்றார்கள். மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் கட்டிடத்தின் வரைபடத்தையே மாற்றி, அரங்கின் மேல் தூண் விழாதபடி நீண்ட உத்தரங்கள் கொடுத்துக் கட்டினார்கள். இடிபாடுகளை மணலும் கான்கிரீட்டும் போட்டு மூடி, உலர்ந்து வெடிக்காமலிருக்க மேலே தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலே ஊழியர்கள் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள். கீழே ரோஸ் ஊறிக்கொண்டிருக்கிறது.

● இந்தச் சண்டையில் அதிகம் அடிபட்டவர்களில் கட்டிட முதலாளியும் ஒருவர். முறையாக அனுமதி வாங்கியவர் அவர். பாதியில் வேலை நின்று, வரைபடம் மாறி, பணம் கரைந்தது. 'இருக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருந்தால் இந்தப் பாடு இல்லையே' என்பது இருதரப்புக்கும் உறைத்தது. 1990 நவம்பரில் அரசு வெளியிட்ட 'திட்டக் கொள்கை வழிகாட்டுதல் 16' என்ற சின்னஞ்சிறு ஆவணம் மூன்று விஷயம் சொன்னது. அனுமதி கொடுப்பதற்கு முன் பார். முடிந்தால் இருக்கும் இடத்திலேயே விட்டுவை. முடியாவிட்டால் முழுசாகத் தோண்டிப் பதிவு செய், செலவு கட்டுபவருடையது. பாராளுமன்றச் சட்டம்கூட இல்லை, வழிகாட்டுதல்தான். ஆனால் இதற்குப் பிறகு இங்கிலாந்தில் நடக்கும் அகழாய்வுகளில் மிகப் பெரும்பான்மை கட்டிட முதலாளிகள் பணத்தில்தான் நடக்கின்றன. 2012 முதல் வேறு பெயரில் பொதுவான திட்டக் கொள்கைக்குள் அது சேர்ந்திருக்கிறது.

● பக்கத்து அயர்லாந்தில் மக்கள் தோற்றார்கள். டப்ளினின் வுட் கீ பகுதியில் வைக்கிங்குகளின் ஊர் கிடைத்தபோது, அங்கே கட்டிடம் கட்டவிருந்தது நகராட்சியேதான். 1978இல் சுமார் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். நகராட்சி அலுவலகம் அங்கேயே எழும்பியது.

● இப்போது இங்கிலாந்தில் ஒரு மனைக்கு என்ன நடக்கும்? முதல் அகழாய்வு காகிதத்தில். பழைய வரைபடங்கள், பத்திரங்கள், பக்கத்து மனைகளில் முன்பு கிடைத்தவை, நிலவறை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற கணக்கு, இத்தனையும் சேர்த்து ஓர் அறிக்கை. சந்தேகம் இருந்தால் சோதனைக் குழி. மனையின் மொத்தப் பரப்பில் சாதாரணமாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரைதான் தோண்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் அதோடு சரி. பல மனைகளுக்கு இதற்குமேல் போவதே இல்லை. ஏதாவது இருந்தால்தான் முழு அகழாய்வு. வாய்ப்பு குறைவான இடங்களில் பொக்லைன் தோண்டும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பானை ஓடு தலைகாட்டினால் கையைத் தூக்குவார்.

● 'தோண்டாதே' என்பதும் தொல்லியல் முடிவுதான். யார்க் நகருக்காக 1991இல் செய்த ஆய்வு ஒன்று, பைல் தூண்களை இடம் பார்த்து இறக்கினால் கீழே உள்ளதில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் சேதமில்லாமல் கட்டிடம் எழுப்பலாம் என்று சொன்னது. மிச்சம் 95 பங்கை நம்மைவிட நல்ல கருவிகளோடு வரப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவைக்கலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் பைல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டதைப் பேரப்பிள்ளைகள் எப்படி எடுப்பார்கள் என்று கேட்டு இன்றைக்கும் சிலர் தலையை ஆட்டுகிறார்கள்.

● பிரிட்டிஷ் தொல்லியலாளர் கையில் பிரியாமல் இருக்கும் ஆயுதம் நாலு அங்குலக் கரண்டி. செங்கல் இடுக்கில் பூசுவதற்காகக் கொத்தனாருக்குச் செய்தது! கட்டுகிறவர் கருவியும் தோண்டுகிறவர் கருவியும் ஒன்றே.

● குழிக்குள் எது முன், எது பின் என்பதைக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு இணைக்கும் வரைபடத்தை 1973இல் உருவாக்கியவர் பெர்முடா தீவைச் சேர்ந்த எட்வர்ட் ஹாரிஸ். வின்செஸ்டர் நகர அகழாய்வின் குறிப்புகள் மலைபோலக் குவிந்து தலைசுற்றிய நேரத்தில் பிறந்தது அது. சுவர், குழி, சாம்பல், மண்மேடு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித் தாள். ஒரு நகர்ப்புற மனை முடியும்போது ஆயிரக்கணக்கில் தாள் சேர்ந்துவிடும். தோண்டிய இடம் பிறகு இருக்காது, அந்தத் தாள்கள்தான் இருக்கும் என்பதால் யாரும் சலித்துக்கொள்வதில்லை.

● அங்கே தொல்லியலாளருக்கு மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் முகம் சுளிப்பீர்கள். பழைய கக்கூஸ் குழி. 19ஆம் நூற்றாண்டு நிலவறைகள் மேல்மட்டத்தையெல்லாம் வழித்தெடுத்த மனைகளில்கூட, ஆழமான கிணறும் கழிவுக்குழியும் தப்பித்துக் கிடக்கும். பழ விதைகள், மீன் முள், வயிற்றுப்புழுவின் முட்டை, வேலைக்காரப் பெண் உடைத்துவிட்டு எஜமானிக்குத் தெரியாமல் போட்ட கோப்பை என்று ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்கும் சங்கடங்களும் அதில் கிடைக்கும்.

● மித்ராஸ் கோயிலுக்கு வருவோம். அதே வால்புரூக் மனையை 2010இல் புளூம்பெர்க் நிறுவனம் வாங்கியது. இந்த முறை வழிகாட்டுதல் இருந்தது. அவகாசமும் பணமும் இருந்தன. லண்டன் அருங்காட்சியகத் தொல்லியல் குழு அடுத்த சில ஆண்டுகளில் 14,000க்கும் மேற்பட்ட பொருட்களை எடுத்தது. தோல் செருப்பு, மரக் கதவு, கூடை என்று மட்கியிருக்க வேண்டியவை மட்காமல் வந்தன. மறைந்துபோன வால்புரூக் ஓடையின் ஈரச் சேற்றில் காற்றுப் புகாததுதான் காரணம்.

அவற்றில் 405 மரப்பலகைகள். மெழுகு பூசி, எழுத்தாணியால் எழுதுவதற்கானவை. மெழுகு போய்விட்டது, எழுத்தாணி அழுத்தியதில் மரத்தில் விழுந்த கீறல் மட்டும் மிச்சம். பல கோணத்தில் வெளிச்சம் பாய்ச்சிப் படமெடுத்து, ரோஜர் டாம்லின் என்ற அறிஞர் 80க்கும் மேற்பட்டவற்றைப் படித்தார். தேதியோடு கூடியவற்றில் மிகப் பழையது கி.பி. 57 ஜனவரி 8இல் எழுதியது. பிரிட்டனில் கையால் எழுதித் தேதியிட்ட ஆவணங்களில் இதுவே மூத்தது. என்ன எழுதியிருந்தது? வெனுஸ்டஸ் விடுவித்த அடிமையான டிபுல்லஸ், ஸ்பூரியஸ் விடுவித்த அடிமையான கிராட்டஸுக்கு, வாங்கிய சரக்குக்காக 105 தெனாரியஸ் தரவேண்டும். சுத்தமான புரோநோட்டு!

● இன்னொரு பலகை கி.பி. 62 அக்டோபர் 21ஆம் தேதியிட்டது. வெருலேமியம் என்ற ஊரிலிருந்து லண்டனுக்கு இருபது சுமை உணவுப்பொருள் கொண்டுவருவதற்கான ஒப்பந்தம். பூடிக்கா இரண்டு ஊர்களையும் கொளுத்தி ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் வண்டி ஓடுகிறது, வியாபாரம் நடக்கிறது. எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்காத சேதி, ஒரு பள்ளத்துச் சேற்றிலிருந்து.

● கோயிலின் கற்களை அந்த நிறுவனம் திரும்ப எடுத்து, சிமென்ட்டைச் சுரண்டி, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே 7 மீட்டர் ஆழத்தில், இருட்டில், இருக்க வேண்டிய விதத்தில் அமைத்து 2017 நவம்பரில் திறந்தது. அனுமதி இலவசம். லண்டன் போகிறவர்கள் மெழுகு பொம்மைக் காட்சிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து இங்கே போகலாம்.

● ஷேக்ஸ்பியரின் குழு நடித்த இன்னொரு அரங்கு 'கர்டன்'. ஷோர்டிச் பகுதியில் அடுக்குமாடிக் கட்டுமானத்துக்கு முன் 2016இல் தோண்டியபோது சுமார் 22க்கு 30 மீட்டர் அளவில் வந்தது. வட்டம் என்றுதான் எல்லோரும் எழுதிவந்தார்கள். செவ்வகம்!

● லண்டனுக்குக் குறுக்கே எலிசபெத் ரயில்தடம் அமைத்தபோது 40க்கும் மேற்பட்ட இடங்களில் அகழாய்வு நடந்தது. லிவர்பூல் தெரு நிலையத்தின் புது நுழைவாயில் வரவேண்டிய இடம் 1569இல் தொடங்கிய இடுகாடு. 2015இல் 3,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். 1665இன் பெரும் கொள்ளைநோயில் இறந்தவர்களாக இருக்கலாம் என்று தோன்றிய சிலரின் பல்லைச் சோதித்ததில் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்தது. அந்தக் கொள்ளைநோய் பிளேக்தானா என்று நெடுநாளாக நடந்த வழக்குக்கு ரயில் நிலைய வாசலில் தீர்ப்பு. கிருமி எப்போதோ செத்துவிட்டது. பயணிகள் பயப்பட வேண்டியதில்லை.

● யூஸ்டன் நிலையத்தை அதிவேக ரயிலுக்காக விரிவாக்க அருகிலிருந்த இடுகாட்டைத் தோண்டினார்கள். பல்லாயிரம் பேர் புதைந்த அந்த இடத்தில் ஒருவரை மட்டும் ஊரே தேடியது. ஆஸ்திரேலியாவைக் கப்பலில் முழுசாகச் சுற்றி வந்து, அந்தப் பெயரையும் பரப்பிய மேத்யூ ஃபிளிண்டர்ஸ். 2019 ஜனவரியில் கிடைத்தார். சவப்பெட்டியின் மேல் பதித்த ஈயத்தகட்டில் பெயர் அழியாமல் இருந்தது. தகரத் தகடு போட்டவர்கள் துருவேறி அடையாளமில்லாமல் போனார்கள். 2024 ஜூலையில் அவரைச் சொந்த ஊரான டானிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

● இத்தனையையும் எங்கே வைப்பது? லண்டனின் ஹேக்னி பகுதியில் உள்ள கிடங்கை உலகின் மிகப் பெரிய தொல்லியல் சேமிப்பகம் என்று கின்னஸ் பதிவு செய்தது. ஆயிரக்கணக்கான மனைகளின் பெட்டிகள் அங்கே அடுக்கியிருக்கின்றன. கிடங்குக்குப் பெயர் 'மார்டிமர் வீலர் இல்லம்'. ஏற்பாட்டின் பலவீனமும் அங்கேதான் தெரியும். தோண்டுவதற்குக் காசு கொடுக்கும் முதலாளி, தோண்டியதை நூறாண்டு வைத்துக் காப்பதற்குக் கொடுப்பதில்லை. எழுதிய அறிக்கைகளில் பாதியை எழுதியவரும் அனுமதி அலுவலரும் தவிர யாரும் புரட்டுவதில்லை என்று அந்தத் துறையினரே புலம்புகிறார்கள்.

● இனி நியூயார்க். 1991இல் பிராட்வேயில் அமெரிக்க அரசே 34 மாடிக் கட்டிடம் எழுப்பப் புறப்பட்டது. பழைய வரைபடத்தில் அந்த இடம் கறுப்பின மக்களின் இடுகாடு என்று தெளிவாகப் போட்டிருந்தது. காகித ஆய்வு செய்தவர்களும் அதைப் பார்த்தார்கள். 'பிற்காலத்து நிலவறைகள் எல்லாவற்றையும் அழித்திருக்கும்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பள்ளமாயிருந்த அந்த நிலத்தைப் பழைய நாளிலேயே மண்ணடித்து மேடாக்கியிருந்தது கணக்கில் ஏறவில்லை. நிலவறைகளுக்கும் கீழே இடுகாடு பத்திரமாக இருந்தது. 419 பேரை எடுத்த பிறகும் வேலை நிற்கவில்லை, ஊர் கொதித்தது. நகரின் முதல் கறுப்பின மேயரான டேவிட் டின்கின்ஸ் எதிர்த்தார், நாடாளுமன்றம் தலையிட்டது, 1992இல் தோண்டுவது நின்றது. கட்டிடத்தின் ஒரு பகுதியைக் கைவிட்டார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்ததில் பாதிக்கு அருகில் குழந்தைகள் என்று தெரிந்தது. பெரியவர்களின் எலும்பில் சுமை தூக்கிய தழும்புகள். நியூயார்க்கில் அடிமைகளா, அதெல்லாம் தெற்கேதானே என்று சொல்லிவந்த பாடப்புத்தகம் மாறியது. 2003 அக்டோபரில், கானாவில் கையால் செதுக்கிய பெட்டிகளில் வைத்து அதே இடத்தில் மறுபடி புதைத்தார்கள். சோதனைக் குழி இரண்டு முன்னாலேயே போட்டிருந்தால் இத்தனை மனவேதனை மிச்சம்.

● இஸ்தான்புல்லில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் கடலடியில் இணைக்கும் ரயிலுக்கு எனிகாபி என்ற இடத்தில் 2004இல் தோண்டத் தொடங்கினார்கள். வந்தது பைசாந்தியர் காலத்துத் துறைமுகம், 37 கப்பல்களோடு. அதற்கும் கீழே சுமார் 8,000 ஆண்டுக்கு முந்தைய மனிதர்களின் காலடித் தடங்கள். ரயில் 2013இல்தான் ஓடியது. சட்டி பானைத் துண்டுகளுக்காகத் தாமதமா என்று ஆட்சியாளர்கள் அலுத்துக்கொண்டார்கள். கப்பல் வரலாறு படிப்பவர்களுக்கோ அப்படி ஒரு புதையல் வேறெங்கும் வாய்க்கவில்லை.

● கிரேக்கத்தின் தெசலோனிகி நகரில் மெட்ரோ வேலை தொடங்கியது 2006, திறந்தது 2024 நவம்பர் 30. நடுவில் எடுத்த பொருட்கள் மூன்று லட்சத்துக்கு மேல். இது கொஞ்சம் அதிகம்தான் என்று அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

● மெக்சிகோ நகரில் 1978 பிப்ரவரி 21 அன்று மின்வாரியத் தொழிலாளர்கள் கேபிள் பள்ளம் தோண்டினார்கள். மூன்றே கால் மீட்டர் விட்டமுள்ள கல் வட்டில் ஒரு பெண் தெய்வம் கிடந்தது. அஸ்டெக் மக்களின் பெருங்கோயில் அங்கேதான் என்று உறுதியாயிற்று. கோயிலைத் தோண்டி எடுக்க மேலிருந்த 13 கட்டிடங்களை இடித்தார்கள்!

● ஜப்பானின் சாகா மாவட்டத்தில் தொழிற்பேட்டைக்கு இடம் சமன்படுத்தும் முன் 1986இல் தோண்டிப் பார்த்தார்கள். அகழி சூழ்ந்த யாயோய் காலத்து ஊர் கிடைத்தது. தொழிற்பேட்டையைக் கைவிட்டார்கள். யோஷினோகாரி இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா.

● கைவிடாத கதை நம் துணைக்கண்டத்திலிருந்து. 19ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் ரயில்பாதைக்கு ஜல்லி வேண்டியிருந்தது. பக்கத்து மேட்டில் நல்ல சுட்ட செங்கல் கிடந்தது. ஏறத்தாழ நூறு மைல் தூரத்துக்கு அள்ளிக் கொட்டினார்கள். அந்த மேட்டுக்குப் பெயர் ஹரப்பா.

● சென்னை பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த கற்கோடாரியை எடுத்ததும் சரளை தோண்டிய குழியில்தான். குழி வெட்டியவர்கள் எத்தனை கோடாரியைச் சாலையில் கொட்டினார்களோ!

● நாம் ஒழுங்காகச் செய்ததும் உண்டு. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை எழுந்தால் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகர் மூழ்கிவிடும் என்று தெரிந்ததும், 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கு முழுக்கத் தோண்டினார்கள். முக்கியமான கட்டுமானங்களைப் பெயர்த்து மேட்டில் வைத்தார்கள். தண்ணீருக்கு மேல் தப்பிய குன்று தீவாகி, அதில் அருங்காட்சியகம் இருக்கிறது.

● சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் குடமுழுக்கு யாகசாலைக்கு மண் எடுக்கத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன. தேவாரம் இத்தனை செப்பேட்டில் கிடைத்தது அறிஞர்களையே திகைக்க வைத்தது. பொக்லைன் பக்கெட்டின் பல் அரை அடி தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

● இந்தியச் சட்டப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010இல் இதை இறுக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் கோபுரத்துக்கு இந்தக் காவல். மேலே ஒன்றும் தெரியாத வெற்று மனையைக் கட்டுவதற்கு முன் தோண்டிப் பார் என்ற பொதுக் கட்டாயம் இங்கே இல்லை. ஆதிச்சநல்லூரும் கீழடியும் பார்க்க வெறும் பொட்டலும் தோப்புமாகத்தான் இருந்தன. நம் வரலாற்றில் பெரும்பகுதி அந்த வெற்று மனைகளில் கிடக்கிறபோது, சட்டம் கோபுரத்தை மட்டும் பார்ப்பது போதாது.

● அதுவரை நம் கையில் இருப்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். உங்கள் மனையில் வானம் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமை கோரி யாரும் வராத பட்சத்தில், வேறு உடன்பாடு இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். ஆகவே பானையோ காசோ சிலையோ தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், இடத்தை விட்டு எடுக்காதீர்கள். கிடந்தபடியே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, வேலையை நிறுத்தச் சொல்லி, கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.